ஒரு மதிப்புரைக்குத் திருத்தம்

2016இல் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அது வெளிவந்த பத்திரிகை இப்போது இல்லை. படித்தவர்கள் ஐம்பது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். அவர்களில் பாதிப் பேராவது இந்தப் பத்திரிகையையும் படிக்கிறார்கள் என்பதால், அதில் நான் செய்த பிழையை இங்கே திருத்துவது முறை என்று படுகிறது.

தொகுப்பை எழுதியவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த நண்பர். தகப்பனார் இறந்த வருஷத்தில் எழுதிய 22 கவிதைகள். என் மதிப்புரையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: 'இங்கே கவிஞன் இல்லை, மகன் மட்டுமே இருக்கிறான்.' இதற்கு மேல் ஒரு பாராட்டு இருக்கமுடியாது என்று அப்போது நினைத்தேன். போதாதென்று ஜான் லெனனையும் சாட்சிக்கு இழுத்திருந்தேன். 1970இல் வெளிவந்த 'ஜான் லெனன்/பிளாஸ்டிக் ஓனோ பாண்ட்' இசைத்தட்டின் முதல் பாட்டு முடிவில் அவர் தாயைக் கூப்பிட்டுக் கதறுகிறாரே, அதைப் போல கலையின் பூச்சு எதுவும் படாத கதறல் இந்தக் கவிதைகள் என்று எழுதியிருந்தேன்.

பத்து நாளில் ஒரு தபால் கார்டு வந்தது. 'நீங்கள் என் தகப்பனாருக்கு இரங்கல் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. கவிதைகளுக்கு மதிப்புரை எப்போது வரும்?' அவ்வளவுதான். அதுவரை என்னை 'நீ' என்றே அழைத்துவந்தவர். அந்த 'நீங்கள்' எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. உறைத்த பிறகும் கோபம்தான் வந்தது. பாராட்டைக்கூடத் தாங்கமுடியாத அகந்தை என்று மற்ற நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். பதில் எழுதவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று.

நான் எழுதியது தவறு என்று எனக்குக் காட்டியது லெனனின் குரல். நான் சாட்சிக்கு அழைத்தவரே எதிர்ப்பக்கம் போய்விட்டார். அந்த இசைத்தட்டு 2021இல் புதிதாகக் கலக்கப்பட்டு வெளிவந்தது. அதை நிதானமாகக் கேட்டபோது நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

*

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். லெனனின் தந்தை கப்பலில் வேலை பார்த்தவர், வீட்டில் தங்காதவர். பையனை வளர்த்தது பெரியம்மா மிமி. தாய் ஜூலியா அதே லிவர்பூலில் வேறு வீட்டில் இருந்தார். மகனோடு திரும்ப ஒட்டிக்கொண்டுவந்த காலத்தில், 1958 ஜூலையில், சாலையில் கார் மோதி இறந்தார். மகனுக்கு அப்போது 17 வயது. 1970இல் பீட்டில்ஸ் குழு கலைந்தது. அதே வருஷம் ஆர்தர் ஜேனவ் என்ற அமெரிக்க உளவியலாளரிடம் லெனனும் மனைவி யோகோ ஓனோவும் சிகிச்சைக்குப் போனார்கள். சிறுவயதில் விழுங்கிய வலியை மீண்டும் கிளறி, அலறி, வெளியே கொண்டுவருவது அவருடைய முறை. அங்கிருந்து லண்டன் திரும்பிய லெனன் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆபி ரோட் ஸ்டுடியோவில் இந்தப் பாட்டுகளைப் பதிந்தார். டிரம்ஸுக்கு ரிங்கோ ஸ்டார், பேஸ் கிதாருக்குக் கிளாஸ் ஃபோர்மன், பியானோவும் கிதாரும் பெரும்பாலும் லெனனே. பதிவு நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு 30 வயது நிறைந்தது. 11 பாட்டுகள், சுமார் 40 நிமிஷம். டிசம்பர் 11ஆம் தேதி வெளிவந்தது.

இந்த வரலாறே இசைத்தட்டின் மீது ஒரு உறைபோலப் போர்த்தப்பட்டுவிட்டது. 'பச்சையான வாக்குமூலம்', 'நிர்வாணமான குரல்' என்று எழுதாதவர் இல்லை. நானும் அப்படித்தான் கேட்டேன். ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நாட்களில், கை மாறிக் கை மாறி வந்த கோப்பில், நூறு ரூபாய் இயர்போனில். முதலில் மெதுவாக்கப்பட்ட சாவு மணி. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல ஒரு மனிதன். அந்தச் சுவரையும் நான் அனுபவத்தின் பகுதியாக எடுத்துக்கொண்டேன். கரகரப்பு, மங்கல், தூரம் எல்லாமே எனக்கு உண்மையின் அடையாளமாக இருந்தன. அதில் பாதி அந்த மலிவான பிரதியின் கைவேலை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நம் சூழலிலும் இந்த ரசனைக்கு நல்ல விலை உண்டு. 'உண்மையான அனுபவம்' என்ற சொற்றொடரை எத்தனை மதிப்புரைகளில் எழுதியிருப்பேன் என்று எண்ணிப்பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. ஒரு கவிதை சீராக இருந்தால் 'செய்யப்பட்டது' என்று சந்தேகிக்கிறோம். தடுமாறினால் 'வாழப்பட்டது' என்று நம்புகிறோம். யாப்பை விட்டு வெளியே வந்த தலைமுறை தனக்கு ஒரு நியாயம் தேடியபோது இது தேவைப்பட்டிருக்கலாம். அந்த நியாயத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு இன்றும் அளந்துகொண்டிருப்பது விமர்சகனின் சோம்பல்.

*

லெனனுக்குத் தன் குரல் பிடிக்காது. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். இவ்வளவு நல்ல குரல் உள்ளவன் அதை எப்படியாவது மாற்றிக்கொடு என்று ஏன் கேட்டுக்கொண்டே இருந்தான் என்பது அவருக்கு விளங்காத புதிர். ஒரே பாட்டை இரண்டு முறை பாடி ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் குரலுக்கு ஒரு தடிப்பு வரும், தனிக் குரலின் மெலிவு மறையும். லெனனுக்கு அந்த மறைவு பிடித்தது. திரும்பப் பாடுவதுதான் பிடிக்கவில்லை. அந்த அலுப்பைத் தீர்க்க 1966இல் ஆபி ரோட்டின் பொறியாளர் கென் டவுன்சென்ட், ஒரு முறை பாடியதையே டேப்பில் சற்றுத் தள்ளி ஓடவிட்டு இரட்டிப்பாக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அதே வருஷம் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டில், ஆர்கனுக்கென்று செய்த சுழலும் ஒலிபெருக்கியின் வழியே லெனனின் குரல் செலுத்தப்பட்டது. தனியே வந்த பிறகும் இது போகவில்லை. நான் நிர்வாணம் என்று எழுதிய இசைத்தட்டில் டேப் எதிரொலி தாராளமாக இருக்கிறது. ஆடை போட்டுக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்து நிர்வாணம் என்று வியந்திருக்கிறோம்.

2021 ஏப்ரலில் வந்த மறுகலவையின் விஷயத்துக்கு வருகிறேன். ரீமிக்ஸ் என்ற சொல்லுக்கு நம் சினிமாக்காரர்கள் ஒரு அர்த்தம் ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள்: பழைய பாட்டுக்குப் புது மேளம் கட்டி ஆடவிடுவது. இது அதுவல்ல. 1970இல் ஒரு அங்குல டேப்பில் 8 தடங்களாகப் பதிந்துவைத்ததை மறுபடி எடுத்து, எது முன்னே எது பின்னே, எது எவ்வளவு உரக்க என்பதை மட்டும் புதிதாகத் தீர்மானிப்பது. சேர்க்கை எதுவும் கிடையாது. பொறியாளர் பால் ஹிக்ஸ். யோகோ ஓனோ விதித்தவை மூன்று: மூலத்துக்கு விசுவாசமாக இருக்கவேண்டும், ஒட்டுமொத்த ஒலி தெளிவாக இருக்கவேண்டும், ஜானின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கவேண்டும். எதிரொலியை அவர்கள் துடைத்தெறியவில்லை. குரலை இரண்டடி முன்னே கொண்டுவந்திருக்கிறார்கள். அதே பெட்டியில் ஸ்டுடியோவில் வாசித்தபடியே, எதிரொலி முதலிய ஒப்பனைகள் இல்லாமல் கலந்த வடிவங்களும், பாட்டின் சில கூறுகளை மட்டும் எடுத்து முன்வைத்த வடிவங்களும், விட்டுப்போன டேக்குகளும் உண்டு.

இரண்டடி. அந்த இரண்டடியில் என் மதிப்புரை விழுந்துவிட்டது.

*

'மதர்' பாட்டை எடுத்துக்கொள்கிறேன். மணி ஓய்ந்ததும் வாத்திய முன்னுரை எதுவுமில்லாமல் குரல் நேராக முதல் சொல்லில் நுழைகிறது. அந்தச் சொல் தாயின் விளி. பழைய கலவையில் அது ஒரு வீச்சாக மட்டும் எனக்குக் கேட்டிருந்தது. புதியதில் அந்த ஒரு சொல்லுக்குள் நடப்பது கேட்கிறது. முழுக் காற்றோடு தொடங்கி, நீட்டி, முடிவில் காற்றைக் குறைத்துச் சொல்லைக் கீழே வைக்கிறார். போடவில்லை, வைக்கிறார். பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் அளவுக்கு மேல் ஒரு அடிகூட வாசிப்பதில்லை. நடுவில் விடப்பட்ட வெற்றிடம் முழுவதையும் குரல்தான் நிரப்பவேண்டும், அல்லது நிரப்பாமல் விடவேண்டும். பல இடங்களில் விடுகிறார்.

மூன்று பத்திகள்: தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் விடைபெறுதலில் முடிகிறது. இந்த மூன்றிலும் கதறலே கிடையாது. எனக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. பாட்டு முழுக்கக் கதறுகிறார் என்றுதான் பத்து வருஷமாக நினைவில் வைத்திருந்தேன். பத்திகளை அவர் அழுத்தமாக, நிமிர்ந்து, சுருதி விலகாமல் பாடுகிறார். முதல் பத்தியின் விடைபெறுதலும் மூன்றாவதன் விடைபெறுதலும் ஒன்றாக இல்லை. முதலில் அறிவிப்பு, கடைசியில் களைப்பு. பழைய கலவையில் இரண்டும் ஒரே சுவருக்குப் பின்னால் இருந்ததால் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

அப்புறம்தான் அந்த முடிவு வருகிறது. தாயைத் தடுத்தும் தந்தையை அழைத்தும் ஒரு வேண்டுதல், திரும்பத் திரும்ப. முதல் தடவை அது பாட்டுதான். இரண்டாவதில் ஓரம் கிழிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கடைசிச் சொல்லின் நீட்டலில் கிழிசல் கொஞ்சம் முன்னதாகத் தொடங்குகிறது. கவனித்துக் கேட்டால், ஒவ்வொரு அலறலும் முதலில் சுருதியில் ஊன்றி, அங்கிருந்துதான் உடைகிறது. உடைந்த பிறகும் அடுத்த வரிக்கு மூச்சு மிச்சமிருக்கிறது. அடுத்த வரி ரிங்கோவின் அடியில் சரியாக வந்து உட்காருகிறது. கட்டுப்பாடு இழந்தவன் தாளத்தில் வந்து உட்காரமாட்டான். எந்தச் சுற்றில் எவ்வளவு கிழியவேண்டும் என்பதை இவர் அறிந்திருக்கிறார்.

இப்படிச் சொல்வதால் துயரம் பொய் என்றாகிவிடாது. நான் பயந்ததும் அதுதான். கைத்திறம் தெரிந்துவிட்டால் உருக்கம் போய்விடும் என்று ஒரு மூடநம்பிக்கை நமக்கு இருக்கிறது. எனக்கு நேர்மாறாக நடந்தது. பழைய சுவரின் பின்னால் கேட்டபோது, ஐயோ பாவம், யாரோ துடிக்கிறான் என்று தூரத்திலிருந்து இரங்கினேன். இரங்குவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இப்போது, அந்தத் துயரத்தை ஒரு மனிதன் இரண்டு கையாலும் பிடித்து, இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை என்று எனக்கு நேரே நீட்டுகிறான். வாங்கிக்கொள்வது கடினமாக இருந்தது.

விட்டுப்போன டேக்குகளில் இந்தப் பாட்டுக்கு 60ஐத் தாண்டிய எண்கள் இருக்கின்றன. பாதியில் நின்றவையும் எண்ணிக்கையில் சேரும் என்பது உண்மைதான். இருந்தாலும், தாயை அறுபது தடவைக்கு மேல் கூப்பிட உட்கார்ந்த மனிதனைப் பற்றி 'பீறிட்டது', 'வெடித்தது' என்று எழுதிக்கொண்டிருப்பது அவனுடைய உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை. 1963 பிப்ரவரி 11ஆம் தேதியை நினைத்துக்கொள்கிறேன். பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டுக்கு அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகள் பதிந்தார்கள். லெனனுக்கு ஜலதோஷம். 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கினார்கள், பாடினால் தொண்டை போய்விடும் என்று தெரிந்து. முதல் டேக்கே இசைத்தட்டுக்குப் போயிற்று. தொண்டையைக் கிழிப்பது எப்படி, எப்போது, எவ்வளவு என்பது இவருக்கு 22 வயதிலேயே தெரிந்த வித்தை. ஜேனவ் கற்றுக்கொடுத்ததல்ல. லிட்டில் ரிச்சர்டைக் கேட்டு வளர்ந்த எல்லாப் பையன்களுக்கும் ஓரளவு தெரிந்ததுதான். கூடவே, அலறலை ஒரு வாத்தியமாகவே ஆண்டுகொண்டிருந்த யோகோ ஓனோ பக்கத்தில் இருந்தார். அதே கலைஞர்கள் துணையோடு அவர் பாடிய இசைத்தட்டும் அதே நாளில் வெளிவந்தது. ஜேனவின் பெயரைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

*

மற்றப் பாட்டுகளிலும் இதே அனுபவம். 'ஹோல்ட் ஆன்' என்ற மெல்லிய பாட்டின் நடுவில், குழந்தைகள் தொலைக்காட்சியின் தின்பண்டப் பூதத்தின் தடித்த குரலில் ஒரே ஒரு சொல் சொல்கிறார். தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்ளும் பாட்டில் ஒரு கோமாளித்தனம். வாக்குமூலக் கூண்டில் நிற்பவன் இப்படிச் செய்யமாட்டான். ஆனால் நாம் யாரும் துக்கத்தில் முழுநேரமும் துக்கமாக இருப்பதில்லை. இந்தச் சொல்லை வெட்டாமல் விட்டவருக்கு அது தெரிந்திருக்கிறது.

'ஒர்க்கிங் கிளாஸ் ஹீரோ'வில் குரலும் ஒரு கிதாரும் மட்டும். கோபம் முழுவதும் மெய்யெழுத்துகளில் இருக்கிறது, உயிரெழுத்துகள் அசையாமல் கிடக்கின்றன. குரலை அவர் ஒரு இடத்திலும் உயர்த்துவதில்லை. இந்தப் பாட்டு இரண்டு டேக்குகளை ஒட்டிச் செய்தது என்பதும், ஒட்டிய இடத்தில் கிதாரின் ஒலியே மாறுவதும் தெரிந்த விஷயம். ஒரே மூச்சில் கொட்டியதாக எல்லாரும் நம்பும் பாட்டு கத்தரியும் ஒட்டுநாடாவும் கொண்டு ஆனது. 'லவ்' பாட்டில் குரல் மூச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நிற்கிறது. 'வெல் வெல் வெல்'லில் அதே தொண்டை, மரம் அறுக்கும் ரம்பம்போல.

'காட்' பாட்டில் தனக்கு நம்பிக்கையில்லாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தள்ளுகிறார். மந்திரம், கீதை, யோகம் மூன்றும் பட்டியலில் உண்டு. 1968இல் ரிஷிகேசம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவருடைய கணக்குத் தீர்ப்பு. பில்லி பிரெஸ்டனின் பியானோ ஏறிக்கொண்டே போக, கடைசியாகத் தன் பழைய குழுவின் பெயரைச் சொன்னதும் வாத்தியங்கள் நிற்கின்றன. அந்த மௌனத்துக்குப் பின் வரும் குரலைத்தான் இந்த மறுகலவையில் பல தடவை திரும்பக் கேட்டேன். சண்டை முடிந்து வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றும்போது பேசுகிற குரல். இவ்வளவு சிறிய குரலை, அத்தனை உரத்த பட்டியலுக்குப் பின்னால் வைக்க, அந்தக் குரலின் மேல் நம்பிக்கை வேண்டும். தன் குரலைப் பிடிக்காதவருக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசிப் பாட்டு ஒரு நிமிஷம்கூட இல்லை. கலிபோர்னியாவில் கேசட்டில் பதிந்தது. குரலும் கிதாரும் ஒன்றாகவே பதிந்திருப்பதால் பிரித்து முன்னே வைக்க அங்கே அதிகமில்லை. அது தன் மங்கலோடு, பழையபடியே தூரத்தில் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

*

இங்கே ஒரு ஆட்சேபம் எழவேண்டும். குரலை மறைத்துக்கொள்ள விரும்பியவர் 1980 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாற்பது வருஷம் கழித்து அவரைக் கேட்காமல் திரையை விலக்க யாருக்கு உரிமை? மனைவிக்குச் சட்டப்படி உண்டு. கலையின்படி? எதிரொலியும் இரட்டிப்பும் அவர் தேர்ந்தெடுத்தவை. பாரதியின் கைப்பிரதியில் அடித்த வரியை அச்சிடுபவர்களோடு நாம் சண்டை போடுவதில்லையா?

இதை நெடுநாள் யோசித்தேன். மறுகலவையைப் பதிப்பு என்று எண்ணினால் ஆட்சேபம் நியாயம். நான் அதை விமர்சனம் என்று எண்ணுகிறேன். நல்ல விமர்சகன் ஒரு கவிதையை உரக்கப் படித்துக் காட்டும்போது, எந்தச் சொல்லில் நிற்கிறான், எதை அழுத்துகிறான் என்பதில் அவன் தீர்ப்பு இருக்கிறது. கவிதையில் இல்லாத ஒரு சொல்லையும் அவன் சேர்ப்பதில்லை. யோகோ ஓனோவும் ஹிக்ஸும் செய்திருப்பது இதுதான். 'இவரைப் பாடகராகக் கேளுங்கள்' என்று வாதாடியிருக்கிறார்கள். வாதத்தை ஏற்காதவர்களுக்கு மூலம் இருக்கிறது. 2000ஆம் வருஷத்திலும் யோகோவின் மேற்பார்வையில் ஒரு மறுகலவை வந்தது. 2010இல் பழைய கலவையே துப்புரவு செய்யப்பட்டுத் திரும்பி வந்தது. மூலத்தை எரித்துவிட்டு விமர்சனத்தை மட்டும் விட்டால்தான் குற்றம். நானே பழைய கலவைக்கும் திரும்பத் திரும்பப் போகிறேன். இப்போது அந்தச் சுவருக்குப் பின்னாலும் மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது என்று எனக்குக் கேட்கிறது. நல்ல விமர்சனம் இதைவிட அதிகம் செய்யமுடியாது.

மறைப்பைப் பற்றியும் என் எண்ணம் மாறியிருக்கிறது. திரைக்குப் பின்னால் உண்மையான மனிதன் ஒளிந்திருக்கிறான், திரையை எடுத்தால் அகப்பட்டுவிடுவான் என்று எதிர்பார்த்துத்தான் நானும் ஹெட்போனை மாட்டினேன். எடுத்துப் பார்த்தபோது அங்கே வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு பாடகன்தான் இருந்தான். எவ்வளவு நெருங்கினாலும் அவன்தான். மகன் அந்தப் பாடகனுக்குப் பின்னால் தனியே எங்கும் இல்லை. பாடுவதிலேயே இருக்கிறான்.

*

இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல என்பதுதான் வெட்கம். வங்கியில் தினமும் கையெழுத்து ஒப்பிடுவது என் வேலையில் ஒரு பகுதி. பென்ஷன் வாங்கும் முதியவர்களின் கையெழுத்து நடுங்கியிருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் நடுக்கத்தைப் பார்த்ததும் இரக்கப்பட்டு, வயசானவர், அவர் போட்டதுதான் என்று சொல்லிவிடுவார்கள். மோசடிக் கையெழுத்தும் நடுங்கும். பார்த்துப் பார்த்து மெதுவாக வரைவதால் வருகிற நடுக்கம் அது. ஆகவே நடுக்கம் எதற்கும் சாட்சியில்லை. பார்க்கவேண்டியது அந்த நடுக்கத்துக்குள் இருக்கிற வேகத்தை. நாற்பது வருஷமாகப் போட்ட சுழிப்பு, கை உதறினாலும், தன் இடத்துக்கு வந்ததும் தானே திரும்பும். அந்தத் திருப்பம்தான் ஆள். கவுண்டரில் உட்கார்ந்து இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த நான், வீட்டுக்கு வந்து மதிப்புரை எழுதும்போது நடுக்கத்தைக் கண்டதும் முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

நண்பரின் தொகுப்பை அலமாரியிலிருந்து மறுபடி எடுத்தேன். மதிப்புரையில் நான் மிகவும் புகழ்ந்த கவிதை, கடைசி வாரத்தில் மகன் தகப்பனாரின் கால் நகங்களை வெட்டிவிடுவதைப் பற்றியது. 11 வரிகள். அதைப் பற்றி, 'வரிக்கு வரி அப்பா அப்பா என்று அரற்றுகிறார்' என்று எழுதியிருந்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ணினேன். 'அப்பா' என்ற சொல் அந்தக் கவிதையில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. பத்தாவது வரியில். அதுவரை பாதம், வெந்நீர், துண்டு, நகவெட்டி, தரையில் தெறித்த துணுக்குகள். யாருடைய பாதம் என்று சொல்லாமலே ஒன்பது வரி கடத்தியிருக்கிறார். பத்தாவதில் சொல் வருகிறது. பதினோராவதில் மறுபடி தரையைப் பெருக்கப் போய்விடுகிறார். அந்த ஒரு சொல் பத்து வரிக்கும் பரவி, வரிக்கு வரி இருப்பதாக என்னை நம்பவைத்திருக்கிறது. அவர் செய்த வேலையின் பலனை நான் வாங்கிக்கொண்டு, வேலையே நடக்கவில்லை என்று அச்சில் ஏற்றியிருக்கிறேன்.

மற்ற 21 கவிதைகளையும் அப்படியே பென்சிலோடு படித்தேன். இரண்டு கவிதைகள் எனக்கு இப்போதும் தேறவில்லை. அவற்றில் நடுக்கம் மட்டும் இருக்கிறது, திருப்பம் இல்லை. முன்பு அவற்றையும் சேர்த்துத்தான் புகழ்ந்திருந்தேன். துக்கத்துக்கு மதிப்பெண் போட்டால் எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு போடவேண்டியிருக்கும். யாரையும் குறைசொல்ல முடியாத இடத்தில் யாரையும் பாராட்டவும் முடியாது என்பது அந்த மதிப்புரையை எழுதியபோது எனக்கு உறைக்கவில்லை.

'இங்கே கவிஞன் இல்லை' என்ற வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கவிஞன் இருந்தான். ஒன்பது வரி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தான். தகப்பனாரின் காலடியில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேறு வழி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் ஊகம்தான். வரிகளைப் பற்றிச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதழ் வந்ததும் ஒரு பிரதியை அவருடைய பழைய விலாசத்துக்கு அனுப்ப உத்தேசம். கார்டில் கேட்டிருந்த கேள்விக்கு இது பதிலாகுமா என்று அவர்தான் சொல்லவேண்டும். மதிப்புரை தாமதமாகத்தான் வருகிறது. சிறு பத்திரிகையில் எது நேரத்துக்கு வந்தது?